எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும்

சொம்பு உருளுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். நான் அடுப்படியில் மகளுக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தார். எவர்சில்வர் சொம்பு கை தவறி விழுந்தால் யாராவது உடனே எடுத்துவிடுவார்கள், சத்தம் நின்றுவிடும். இது விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி, திரும்பவும் உருண்டது. யாரும் எடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பயப்படாதம்மா, வழுக்கிடுச்சு, எழுந்திரிக்க முடியல" என்று மெல்லிய குரல் வந்தது.

எங்கள் வீடு கும்பகோணத்தில். மாமா 2012-ல் பார்த்துப் பார்த்துக் கட்டியது. இப்போது அவர் இல்லை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், 71 வயது அத்தை, நாலு வயது மகள் மட்டும்தான். ஐந்துக்கு ஏழு அடியில் ஒரு குளியலறை, பி.வி.சி. கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். கதவு உள்பக்கமாகத் திறக்கும். இத்தனை வருடம் அதைத் திறந்து மூடியிருக்கிறோம், ஒருவருக்கும் அதில் குறை தெரிந்ததில்லை. அன்றைக்கு அத்தை விழுந்து கிடந்தது கதவுக்கு நேர் பின்னால். தாழ்ப்பாள் அவருக்கு எட்டவில்லை. கீல் உள்பக்கம் இருப்பதால் வெளியிலிருந்து ஸ்க்ரூவைக் கழற்றவும் வழியில்லை. எதிர்வீட்டுத் தம்பி ஹாக்ஸா பிளேடு கொண்டுவந்து கதவின் மேல்பாதியை அறுத்தான். ஓட்டை விழுந்ததும் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு முதலில் ஒரு புடவையை உள்ளே போட்டேன். அப்புறம் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்தோம். அப்போதும் கதவு நாலு விரல் அகலத்துக்கு மேல் நகரவில்லை, அத்தையின் இடுப்பில் இடித்தது. கடைசியில் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஓட்டை வழியாக உள்ளே குதித்தேன். முழங்கையில் அந்தக் கீறல் தழும்பு இன்னும் இருக்கிறது. சொம்பு சத்தத்திலிருந்து நான் உள்ளே போனது வரை 25 நிமிடம். அந்த 25 நிமிடமும் மகள் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். பதற்றத்தில் அத்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிற்கவைக்கப் பார்த்தேன். அவர் போட்ட அலறலை என்னால் மறக்க முடியாது. பிறகுதான் காலைக் கவனித்தேன். வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்ததற்கு இது எடுத்தவுடன் தெரியும் அடையாளம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அப்படிக் கிடந்தால் யாரையும் தூக்கி நிறுத்தக் கூடாது. போர்வையைப் போர்த்திவிட்டு, அசைக்காமல், 108-ஐக் கூப்பிட வேண்டும். அவர்களிடம் ஸ்ட்ரெச்சர் இருக்கும், காசும் வாங்க மாட்டார்கள். நானோ வாசலில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு, முறிந்த காலோடு அவரை மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனேன். போதாததற்கு மயக்கம் வரப்போகிறதே என்று ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வேறு கொடுத்திருந்தேன். ஆபரேஷனுக்கு வாய்ப்பிருக்கும்போது வாயில் எதுவும் கொடுக்கலாமா என்று நர்ஸ் திட்டினார். திட்டினால் என்ன, எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லையே.

உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். தனியார் ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் போனோம். 40 கிலோமீட்டர், 3,500 ரூபாய். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. அந்த எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும் என்றார்கள். அத்தைக்கு ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பு வராமல் திறந்து வைக்கும் சின்னக் குழல்) இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார்கள். "சின்னதா ரோஸ் கலர்ல இருக்கும்" என்று சொன்னேன். படித்தவள், ஸ்கூல் டீச்சர், இப்படிச் சொன்னேன். எதிர்வீட்டுத் தம்பி வீட்டைத் திறந்து மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் மற்ற வேலை நடந்தது. அந்த மாத்திரையால் ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது. இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாத்திரைப் பெயர், அளவு, எப்போது சாப்பிடுவார், எந்த வருடம் ஸ்டென்ட் வைத்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருக்கும். என் போனிலும் அதன் படம் இருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி 1,84,000. ஆம்புலன்ஸ் 3,500. வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா, நாளுக்கு 750 வீதம் 60 நாள், 45,000. பிசியோதெரபி 24 தடவை, 9,600. வாக்கரும் கமோடு நாற்காலியும் 4,600. மருந்து 11,000. எனக்குச் சம்பளமில்லா விடுப்பில் போனது 22,000. கூட்டினால் 2,80,000 கிட்ட வருகிறது. என் வளையலும் ஆரமும் பாங்கில் அடகுக்குப் போயின. கணவர் அங்கிருந்து தினம் வீடியோ காலில் அழுதார். அவரைத் தேற்றுவதும் என் வேலையாகிவிட்டது, அது தனிக் கதை. எனக்கு ஆறாத கோபம் என் மேல்தான். பாத்ரூமில் வழுக்குகிறது என்று அத்தை அதற்கு முன்னால் இரண்டு தடவை என்னிடம் சொல்லியிருந்தார். "பார்த்துப் போங்க அத்தை" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஏன் விழுந்தார் என்று அவரிடம் நிதானமாகக் கேட்டது ஒரு மாதம் கழித்துத்தான். கேட்ட பிறகுதான் குளியலறையை ஒழுங்காகப் பார்த்தேன். தலையில் எண்ணெய், தரையில் சீயக்காய் நுரை, கீழே கண்ணாடி மாதிரி பளபளவென்று வெள்ளை டைல்ஸ். கோயில் தரை மாதிரி இருக்கிறது என்று மாமா ஆசைப்பட்டுப் போட்டது. தண்ணீர் போகும் ஓட்டை ஒரு மூலையில் இருக்க, தண்ணீர் மட்டும் எதிர் மூலையில் தேங்கி நின்றது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரையில் விடும் சரிவு, சரியில்லை. தேங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி. விரலால் தடவினால் வழவழவென்று வந்தது. அத்தை மனையில் உட்கார்ந்து குளித்துவிட்டு, வழக்கம்போல் சுவரில் இருந்த துண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கிறார். அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஸ்க்ரூ. துண்டு தாங்கும், ஆள் தாங்குமா? கம்பி கையோடு வந்துவிட்டது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டேதான் விழுந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைப் பிடித்து எழுகிறார்கள் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். குழாய், வாஷ்பேசின் விளிம்பு, கதவுப் பிடி என்று எதையாவது பிடிப்பார்கள். நிஜமான பிடி வரவேண்டிய இடம் அதுதான்.

அத்தை வாக்கரில் நடக்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்தில் 6,000 ரூபாயை வீணாக்கினேன். முதலில் ஆன்லைனில் ஒரு கைப்பிடி, ரப்பர் கப் வைத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வது, துளை போட வேண்டாம், 899 ரூபாய். மூன்றாம் நாள் நான் பிடித்துப் பார்க்கும்போதே கழன்று வந்துவிட்டது. நல்லவேளை நான். அடுத்து ரப்பர் பாய், 650. டைல்ஸ் இடைக்கோடு வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிடுவதால் அதன் கப்புகள் ஒட்டவில்லை, பாயே நகர்ந்தது. ஒரு வாரத்தில் அடியில் பாசி வேறு. மூன்றாவது, தரையில் பூசினால் வழுக்காது என்று ஒரு திரவம், ஆள் கூலியோடு 4,500. மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. இதற்கிடையில் பாசியை ஒரேயடியாக ஒழிக்கிறேன் என்று டாய்லெட் கழுவும் ஆசிடை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினேன். குப்பென்று நெடி அடித்தது, கண் எரிந்தது, இருமி இருமி வாசலுக்கு ஓடினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது ஆளைக் கொல்லக்கூடியது. ஒன்றைப் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டு, இன்னொன்றை வேறு நாள் போடுங்கள். ஒன்றே போதும், உண்மையில்.

கடைசியில் தரையை உடைப்பதுதான் வழி என்று தெரிந்தது. டைல்ஸ் கடையில் 'மேட்' (பளபளப்பில்லாதது), 'ஆன்டி ஸ்கிட்' (வழுக்காதது) என்று இரண்டு வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். சில கம்பெனி அட்டையில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருக்கும். எண் கூடினால் பிடிமானம் கூடும். ஆனால் அது செருப்பு, ஷூ போட்ட காலை வைத்துச் செய்யும் சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு தரம் உண்டு, அதில் சி-தான் உசத்தி. எங்கள் ஊர்க் கடைப் பையனுக்கு இரண்டுமே தெரியவில்லை. நான் நாலு சாம்பிள் டைல்ஸ் வாங்கிவந்து கொல்லையில் குழாயடியில் போட்டு, நல்லெண்ணெயும் சீயக்காய்க் கரைசலும் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு, வெறும் தண்ணீரில் நன்றாக இருந்து சீயக்காயில் கைவிட்டன. ஒன்று சொரசொரப்பு அதிகம், தேய்த்துக் கழுவவே முடியாது. நாலாவதை எடுத்தேன், ஒரு அடிக்கு ஒரு அடி. பெரிய டைல்ஸைவிடச் சின்னது நல்லது, இடைக்கோடுகள் கூடுவதால் கால் நிற்கும். கொத்தனாரிடம் வாட்டத்தை மட்டும் வாயால் சொல்லி விடாதீர்கள். வேலை முடிந்து கூலி கொடுப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் கொட்டிப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை ஒரு ஓரத்தில் நின்றது. முணுமுணுத்துக்கொண்டே மூன்று கல்லை எடுத்துத் திரும்பப் பதித்தார். வாசலில் இருந்த ஒன்றரை இஞ்ச் மேட்டையும் அப்போதே சரிவாக்கச் சொன்னேன், வாக்கர் இடறாமல் போகிறது.

கைப்பிடிக்கு வருகிறேன். எவர்சில்வரில் 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள், லேசில் துரு ஏறாது. கம்பியின் குறுக்களவு ஒன்றேகால் இஞ்சிலிருந்து ஒன்றரை இஞ்ச் வரை, கை முழுதும் சுற்றிப் பிடிக்கிற மாதிரி. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை இஞ்ச் இடைவெளி. அதற்கு மேல் இடம் விட்டால் கை சறுக்கி முழங்கை உள்ளே மாட்டிக்கொள்ளும். உயரம் 33 முதல் 36 இஞ்ச் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அத்தை நாலடி பத்து இஞ்ச். அதனால் அவரையே குளிக்கும் ஸ்டூலில் உட்காரவைத்து, எழுவது போல் கை நீட்டச் சொல்லி, கை எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். ஸ்டூல் பக்கத்தில் ஒன்று, கதவோரம் ஒன்று, டாய்லெட் பக்கம் ஒன்று. சுவருக்குள் தண்ணீர் பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளை போடக் கூடாது. பெரும்பாலும் குழாயிலிருந்து நேர் மேலே கீசருக்குப் போகும், அந்தக் கோட்டைவிட்டு ஒரு அடி தள்ளிப் போட்டோம். தரையை உடைத்தபோது பைப் தெரிந்த இடங்களையெல்லாம் டேப் வைத்துப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், புது வீடு கட்டுகிறவர்கள் பூசுவதற்கு முன்பே இதைச் செய்யலாம். மாட்டி முடித்ததும் 80 கிலோ இருக்கிற பிளம்பரை ஒவ்வொரு கம்பியிலும் தொங்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தொங்கினார். மூன்று கம்பியும் மாட்டுக் கூலியும் சேர்த்து 3,900.

கதவை மாற்றியதுதான் பெரிய சண்டை. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டு போட்டேன். அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. "குளிக்கிற இடத்துக்கு வெளிப்பூட்டா? யாராச்சும் தொறந்துட்டா?" என்றார். கைப்பிடிக்கும் அதே கதைதான், "நான் என்ன நோயாளியா, ஆஸ்பத்திரி மாதிரி பண்ணி வச்சிருக்க" என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் கூச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஐம்பது வருடமாகத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தவர். உள்ளே ஒரு பிளாஸ்டிக் திரை மாட்டினேன். மகள் ஒரு அட்டையில் பாட்டி தலைக்குக் குளிப்பதுபோல் படம் வரைந்து கொடுத்தாள். அத்தை உள்ளே போகும்போது அதைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார். கைப்பிடிகளைப் பற்றி அதன்பின் நானும் எதுவும் பேசவில்லை. ஒரு வாரத்தில் துண்டையும் புடவையையும் அதன் மேல் போட ஆரம்பித்தார். அவற்றை மட்டும் வேறு கொக்கிக்கு மாற்றிவிட்டேன், துணி மேல் பிடித்தால் கை வழுக்கும்.

வேலை நடக்கும்போது எலக்ட்ரீஷியன் கீசரைத் திறந்து பார்த்தார். எர்த் ஒயர் பிளக்குக்குள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது. கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் பெட்டியில் போட்டோம், 3,000 ஆனது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, மாதம் ஒரு தடவை அழுத்தி விழுகிறதா என்று பார்க்கிறேன். கீசரின் சூடு 65-ல் இருந்தது, 48-க்குக் குறைத்தேன். 60 டிகிரி தண்ணீர் ஐந்து விநாடியில் தோலை வேகவைத்துவிடும், குழந்தைத் தோல் அதற்கும் முன்னால். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம்தான் சுடுதண்ணீர் என்று வீட்டில் சட்டம். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். நாத்தனாருக்குத் தவழும் குழந்தை இருக்கிறது. அவள் வருகிற அன்று வாளி, அண்டா எல்லாவற்றையும் காலி செய்து கவிழ்த்துவிடுகிறேன். அந்த வயதுப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது.

இரவு நேரத்தையும் விட்டுவிடக் கூடாது. அத்தையின் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது, அதை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் தூக்கத்தில் இரண்டு தடவை எழுந்திருக்கிறார். டாக்டரிடம் கேட்டதும் காலைக்கு மாற்றிக் கொடுத்தார் (நீங்களாக மாற்றிவிடாதீர்கள், கேளுங்கள்). படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழச் சொன்னார். எலும்பு அடர்த்திக்கு ஸ்கேன் எடுத்து அதற்கும் மருந்து போகிறது. கட்டிலிலிருந்து குளியலறை வரை ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு, 450 ரூபாய். குளியலறைக்குள் ஒயர் இல்லாத காலிங் பெல் பொத்தான் ஒன்று, 380. அதை எல்லோரும் வைக்கிற உயரத்தில் வைக்காமல் தரையிலிருந்து ஒரு அடியில் ஒட்டினேன். விழுந்து கிடக்கும்போது கை எங்கே எட்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

தரை, கதவு, கம்பி, கைக்குழாய், மின்வேலை எல்லாம் சேர்த்து 38,000-க்குள் முடிந்தது. பாக்கி இருப்பது கொல்லைப்பக்க டாய்லெட். அது இந்தியன் டைப், அத்தை இனிமேல் குத்தவைத்து உட்காரக் கூடாது. ஆனாலும் குளியலறையில் நான் இருந்தால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடப் பார்க்கிறார். வருகிற மாதம் சீட்டு எடுத்ததும் அதை உடைக்கிறோம். அதுவரை அந்தக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை என் தாலிக்கயிற்றுப் பின்னோடு கோத்து வைத்திருக்கிறேன்.